கெண்டிக்குக் கிடைத்த விசா

“எங்க வீட்டுக் காபிக் கெண்டிக்கு வல்லரசு விசா குடுத்திருச்சு. பதினோரே நாள். வரிசையில நிக்கல, கைரேகை வைக்கல, ஒரு கேள்வி கேக்கல. விமானத்துல சன்னலோர இருக்கை. பக்கத்துல ஒரு அதிகாரி, கெண்டிக்கு பெல்ட் போட்டுவிட.”

கரக் நகரத்துக் கோட்டைக்குக் கீழே இருக்கும் சலூனில் மிஃப்லிஹ் இப்படிச் சொன்னபோது அங்கே ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் உடனே நம்பிவிட்டார்கள். வல்லரசின் தூதரகத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பலாம் என்பது அவர்கள் அனுபவம். நம்பாதவர் ஒரே ஒருவர்தான். மிஃப்லிஹின் மனைவி ஃபத்தியாவுக்கு அண்ணன், பெயர் நவ்வாஃப். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவர். முத்திரை விழாத எதையும், அது சூரிய உதயமாகவே இருந்தாலும், உண்மை என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை.

“மச்சான், என்னை அவன் ஏழு தடவை இல்லைன்னு திருப்பி அனுப்புனான். எனக்கு மூக்கு நேரா இருக்கு. உன் கெண்டிக்கு மூக்கே கோணல். அதுக்குக் குடுப்பானா?” என்றார் நவ்வாஃப், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு.

சலூனே சிரித்தது. மிஃப்லிஹ் சிரிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் இந்த ஊரில் ஒருத்தனாவது சந்தேகப்படுவான் என்பது அவருக்குத் தெரியும். அது சொந்த மச்சானாக இருப்பதுதான் கொஞ்சம் உறுத்தியது.

விஷயம் ஹனீனிடமிருந்து தொடங்கியது. மிஃப்லிஹ் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரார் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் ஏற்றி இறக்கியவருக்குச் சொந்தமாக வாய்த்தது ஒரே ஒரு பெண், ஹனீன். அவளைக் கட்டியவனுக்கு வல்லரசின் தலைநகரில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. தங்கியது லேசாகத் தங்கவில்லை. ரத்தக் கொதிப்பு, கால் வீக்கம், கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் காலையில் போனால் இருட்டித்தான் வருவான். தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. பெற்றவள் போய்ப் பேறுகாலம் பார்த்து, நாற்பது நாள் பக்கத்தில் இருந்துவிட்டு வரவேண்டும். கரக்கில் இதை யாரும் ஆசை என்று சொல்வதில்லை. மழை மேலிருந்து கீழே விழுவதுபோல அது நடக்கிற காரியம்.

ஃபத்தியா விசாவுக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஒன்றரை நிமிஷம் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு சீட்டு நீட்டினார். ‘தாய்நாட்டோடு உங்களுக்குள்ள பந்தம் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை.’ போனால் திரும்பி வரமாட்டாள் என்பதைத்தான் மரியாதையாக அப்படி எழுதியிருந்தார்கள்.

தூதரகத்துக்குப் போனதை விட்டால், ஃபத்தியா ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் போன மிக நீண்ட பயணம் சாக்கடல் வரைக்கும். அதிலும் ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்த ஞாபகம் வந்து மதியமே திரும்பிவிட்டாள். சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்: “பந்தமில்லையாம். என் மாமியா உசுரோட இருந்திருந்தா சொல்லியிருப்பா, எத்தனை தடவை போடீன்னு சொல்லியும் நான் போகலைன்னு.”

இரண்டாம் தடவை நிலப்பத்திரம், இருநூற்றுப் பதினான்கு ஒலிவ மரங்களின் படம், மாமியாரை அடக்கம் செய்த கபரடிப் படம் எல்லாம் எடுத்துப் போனாள். அதே சீட்டு. இந்த முறை நாற்பது விநாடியில்.

இதற்கு மூன்று வருடம் முன்பே வல்லரசுக்கு ஒரு உண்மை தெரியவந்திருந்தது. உலகத்தில் உள்ள முஸ்லிம் சமுதாயங்களுக்கும் தனக்கும் ஏதோ மனத்தாங்கல் இருக்கிறதாம். எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குண்டு, எண்ணெய், எல்லைக்கோடு என்று யாரோ சிலர் முதல் நாளே எழுதிக் கொடுத்ததைக் குழு பின்னிணைப்பில் சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் ஆராய்ந்து மூல காரணத்தைப் பிடித்தது. வல்லரசு போதிய அளவு செவிமடுக்கவில்லை. உடனே ‘மதிப்பின் பாலம்’ என்று ஒரு திட்டம் பிறந்தது. செவிமடுப்பதற்கென்றே ஒரு சிறப்புத் தூதரை நியமித்தார்கள். ஹால்வர்சன் என்று பெயர். ஆறேகால் அடி உயரம், இரக்கம் ததும்பும் முகம்.

ஃபத்தியாவுக்கு இரண்டாம் சீட்டு வந்த அந்த மாதத்தில்தான் ஹால்வர்சன் கரக்குக்கு வந்தார். நகர மண்டபத்தில் கூட்டம். அம்மான் நகரத்திலிருந்து வந்த ருலா என்ற பெண் மொழிபெயர்த்தாள்.

“நாங்கள் பேச வரவில்லை, செவிமடுக்க வந்திருக்கிறோம்” என்று தொடங்கினார் ஹால்வர்சன். “இதை நான் பதினான்கு நாடுகளில் சொல்லியிருக்கிறேன். ஒரு நாட்டிலும் ஒருவர்கூட மறுத்துப் பேசியதில்லை.”

மறுத்துப் பேச நேரம் இருந்ததில்லை என்பது போகப்போகப் புரிந்தது. செவிமடுப்பதன் பெருமையைப் பற்றி அவர் ஒரு மணி ஐம்பது நிமிஷம் பேசினார். ருலாவுக்குத் தொண்டை கட்டியது. முன்வரிசைப் பெரியவர்களில் மூன்று பேர் தொழுகை நேரம் வந்ததும் எழுந்துபோய்த் தொழுதுவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டார்கள். கடைசியில் மக்கள் குரலுக்கு நான்கு நிமிஷம் மிஞ்சியது. அதையும் வாயால் சொல்லக்கூடாது. ஆளுக்கொரு பசைக் காகிதம். பச்சை என்றால் நம்பிக்கை, மஞ்சள் என்றால் கவலை. எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும்.

மிஃப்லிஹ் எழுந்து, பெண்டாட்டியின் விசாவை எதில் எழுதுவது என்று கேட்டார். ஊழியர்கள் கூடிப் பேசினார்கள். அது நம்பிக்கையா கவலையா என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டும்தான் என்றார் மிஃப்லிஹ். இரண்டாக இருக்க விதியில் இடமில்லை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். அவர் மஞ்சளை எடுத்து நடந்து, பாதியில் திரும்பிவந்து பச்சையை எடுப்பதற்குள் நான்கு நிமிஷம் முடிந்துவிட்டது.

இருந்தாலும் விடவில்லை. வாசலில் ஹால்வர்சனை மறித்து, மகள், கால் வீக்கம், கட்டில், நாற்பது நாள் எல்லாவற்றையும் சொன்னார். ருலா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். ஹால்வர்சன் நெஞ்சில் கைவைத்து, கண் கலங்க, “உங்களைச் செவிமடுத்தேன்” என்றார்.

“சரி, விசா?” என்றார் மிஃப்லிஹ்.

ருலாதான் அவரைத் தனியே அழைத்துச் சொன்னாள். “பெரியப்பா, ஒரே கட்டடம்தான். மேல்மாடியில செவிமடுப்பாங்க. கீழ்மாடியில முடிவெடுப்பாங்க. மேல இருக்கறவங்க கீழ போறதுக்கு அனுமதி கிடையாது. நடுவுல குண்டு துளைக்காத சுவரு.”

“யாரோட குண்டு?” என்று கேட்டார் மிஃப்லிஹ்.

கரக்கில் பிறந்தவன் வழி தெரியாமல் நின்றால் ஒன்றுதான் செய்வான். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஜாஹா போவான். நாற்பது பேர் மேலங்கி போட்டுக்கொண்டு எதிராளி வீட்டுக்குப் போய் உட்காருவார்கள். காபி வரும். தொடாமல் கீழே வைத்துவிடுவார்கள். ‘காபியைக் குடியுங்கள், கேட்டது நடந்தது’ என்று வீட்டுக்காரன் வாக்குக் கொடுக்கிறவரைக்கும் ஒரு மிடறு இறங்காது. விருந்தாளியின் முன்னால் காபி ஆறுவது வீட்டுக்காரனுக்கு ஏழு தலைமுறை மானக்கேடு. அப்படிக் கீழே வைத்த கோப்பைகளுக்காகக் கொலைகள் மன்னிக்கப்பட்டிருக்கின்றன. நூறு வருடப் பகை ஒரே மிடறில் தீர்ந்திருக்கிறது.

ஷேக் ஜத்ஆன் தலைமை தாங்க ஒப்புக்கொண்டார். மூன்று கொலைப் பஞ்சாயத்துகளைக் காபி ஆறுவதற்குள் முடித்தவர் அவர். நவ்வாஃப் மட்டும் வரவில்லை. எழுத்தில் இல்லாத வாக்கு வாக்கே இல்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பழைய பள்ளிக்கூட பஸ்ஸை மிஃப்லிஹே ஓட்டினார்.

தூதரக வாசலில் நாற்பது மேலங்கிகளையும் கழற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஷேக் ஜத்ஆனின் கைத்தடிக்கு மூன்று கோணத்தில் எடுத்தார்கள். பண்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததும் காகிதக் கோப்பைகளில் காபி வந்தது. ஷேக் வாங்கித் தரையில் வைத்தார். நாற்பது கோப்பைகளும் வரிசையாகத் தரையில் இறங்கின. ஷேக் எழுந்து, “இந்த வீட்டை நம்பி வந்திருக்கோம். ஹனீனைப் பெத்தவ, இந்த மிஃப்லிஹ் வீட்டுக்காரி, தன் மக பேறுகாலத்துக்குப் போகணும். அதுக்கு உங்க வாக்கு வேணும். வாக்கு வந்தா குடிக்கிறோம்” என்றார். ருலா மொழிபெயர்த்தாள்.

ஹால்வர்சனுக்குப் புல்லரித்துவிட்டது. இவ்வளவு அசலான ஒன்றைத் தான் பார்த்ததே இல்லை என்றார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். எடுத்தார். பிறகு குனிந்து ஒரு கோப்பையை முகர்ந்து, சர்க்கரை போதவில்லையா என்று ருலாவிடம் கவலையோடு விசாரித்தார்.

அன்று மாலையே ஓர் அறிக்கை கிளம்பியது: ‘முஸ்லிம் சமுதாயங்கள் நம் காபியைப் புறக்கணிப்பது ஏன்?’ வாக்குக் கேட்ட விஷயம் அதில் ஓர் அடிக்குறிப்பாக இருந்தது. கீழ்மாடியைச் சேர்ந்தது என்று அதையும் அடுத்த பதிப்பில் நீக்கிவிட்டார்கள். தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியை வந்து, கோப்பைக்குக் கைப்பிடி இல்லாதிருந்தால் நல்லுறவு வளரும் என்று கண்டறிந்தார். கைப்பிடி இல்லாத கோப்பைகள் தனி விமானத்தில் வந்தன. ஜாஹாவைத் திரும்ப அழைத்தார்கள். திரும்பவும் நாற்பது கோப்பைகள் தரையில். அடுத்து ஏலக்காய் வந்தது. மூன்றாவது அழைப்பு வந்தது. மூன்றாம் முறை தூதரகமே பஸ் அனுப்பியது, ஏனென்றால் தலைநகரிலிருந்து இரண்டு குழுக்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தன.

பஸ்ஸில் திரும்பும்போது ஷேக் ஜத்ஆன், “கொலைகாரன்கூட மூணு தடவை அலைய விடமாட்டான் மிஃப்லிஹ்” என்று மட்டும் சொன்னார்.

ஹனீனுக்கு எட்டாம் மாதம் முடியப் போனது. முன்பெல்லாம் தொலைபேசியில், ‘எப்பம்மா வருவ?’ என்று கேட்பாள். இப்போது கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் ஃபத்தியாவைக் கொன்றது. மூன்றாம் தடவையாக விண்ணப்பம் எழுதிப் போட்டாள்.

இந்த நேரத்தில் ஹால்வர்சன் பதில் மரியாதையாக மிஃப்லிஹ் வீட்டுக்கே வருவதாகச் செய்தி வந்தது. ஃபத்தியா ஆட்டுக்கறியைத் தயிர்க்கட்டி கரைத்த குழம்பில் வேகவைத்து, சோற்றின்மேல் மலைபோல் குவித்து மன்ஸஃப் செய்தாள். தொலைக்காட்சிக்காரர்கள் மூன்று கேமராவோடு வந்தார்கள். நாற்பது பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஹால்வர்சன் வலது கையால் உருண்டை பிடித்துச் சாப்பிட்டார். பாதி வாய்க்குள்ளும் பாதி கேமராக்காரர் மீதும் போயிற்று. ஹால்வர்சன் இதற்கென்றே மூன்று நாள் பயிற்சி வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தார்.

சாப்பாடு முடிந்து காபி. ஃபத்தியாவின் தாயார் சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் கெண்டி. கெண்டிக்கு எழுபது வயது. ஃபத்தியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது கீழே போட்டு மூக்கைக் கோணலாக்கியது. மிஃப்லிஹ் முதல் கோப்பையை ஊற்றி விருந்தாளியிடம் நீட்டினார்.

ஹால்வர்சன் அதை இரண்டு கையாலும் பணிவாக வாங்கினார். மூன்று முறை பார்த்துக் கற்றுக்கொண்ட இந்த ஊர் மரியாதையை இன்று திருப்பிச் செலுத்திவிடுவது என்று முடிவெடுத்து, ஒரு சொட்டும் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைத்தார்.

விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்துவிட்டான். வல்லரசு கரக்குக்கு வந்து, பள்ளிக்கூட பஸ் ஓட்டிய மிஃப்லிஹிடம் வரம் கேட்கிறது. நாற்பது தலைகளும் மிஃப்லிஹ் பக்கம் திரும்பின. ஷேக் ஜத்ஆன் கண்ணால் ஜாடை காட்டினார். மறுக்க முடியாது. ஏழு தலைமுறை.

“என்ன வேணும்னாலும் கேளுங்க. என் தலைமேல. காபியைக் குடிங்க” என்றார் மிஃப்லிஹ்.

ருலா ஹால்வர்சனின் காதில், இப்போது நீங்கள் ஏதாவது ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அவமானம் என்று சொன்னாள். ஹால்வர்சன் திகைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் கெண்டி பட்டது.

“இந்தக் கெண்டி” என்றார். “எங்கள் தலைநகர் அருங்காட்சியகத்தில் ‘காபி வழியே நல்லுறவு’ என்று ஒரு கண்காட்சி வைக்கிறோம்.”

மிஃப்லிஹ் அடுக்களைக் கதவைப் பார்த்தார். கதவோரம் நின்ற ஃபத்தியா தன் தாயின் கெண்டியைப் பார்த்தாள். “குடுத்த வாக்கு குடுத்ததுதான்” என்றாள்.

ஹால்வர்சன் காபியை ஒரே மிடறில் குடித்தார். கைதட்டினார்கள். உடனே மிஃப்லிஹ் தனக்கு ஒரு கோப்பை ஊற்றினார். குடிக்காமல், ஹால்வர்சனின் காலடியில் தரையில் வைத்தார். நாற்பது பேரும் காத்திருந்தார்கள். மூன்று கேமராக்களும் காத்திருந்தன.

ஹால்வர்சன் எழுந்தார். அந்தக் கோப்பையைத் தட்டிவிடாமல் மிகுந்த கவனத்தோடு தாண்டி நின்று உரையாற்றினார்: “இந்தச் சமுதாயங்களைப் பற்றி இன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இவர்களிடம் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். என்ன அழகான வழக்கம்! இதை எங்கள் நாட்டிலும் கடைப்பிடிக்க முடியுமா என்று ஆராய உடனே ஒரு குழு அமைக்கப் பரிந்துரைப்பேன்.”

அடுத்த ஊரில் செவிமடுக்க நேரமாகிவிட்டதால் கிளம்பினார். தரையில் இருந்த காபி ஆறி, அடியில் மண்டி படிந்தது. ஷேக் ஜத்ஆன் அதைப் பார்க்காமல் எழுந்து போனார்.

பதினோராம் நாள் ஒரே தபால்காரர் இரண்டு உறைகள் கொண்டுவந்தார். முதல் உறை கெண்டிக்கு. ‘தாய்நாட்டோடு பந்தம்: மிக உறுதியானது. எழுபது ஆண்டுகளாக ஒரே குடும்பத்தில் உள்ளது. கரக்கைவிட்டு வெளியேறியதில்லை. தங்கும் காலம்: வரம்பில்லை.’ கீழே மூன்று முத்திரைகள். இரண்டாவது உறை ஃபத்தியாவுக்கு. பழைய அதே சீட்டு.

ஃபத்தியா இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். “நானும் அதே வீட்டுலதான இருந்தேன்” என்றாள்.

பிறகு அடுக்களைக்குள் போய்ச் சீமைச் சீரகத்தை வறுத்தாள். சோம்பும் பட்டையும் சேர்த்து இடித்தாள். அரிசிமாவைக் கலந்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிற பொடி. பால் ஊறும், இடுப்பு இறுகும். கெண்டியின் கழுத்துவரை அதை நிரப்பி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டினாள். ஹனீனைக் கூப்பிட்டு, கெண்டி வருகிறது, போய்க் கேட்டு வாங்கிக்கொள், நாற்பது நாளுக்குக் காணும் என்று சொன்னாள். மறுநாள் வெள்ளைக் கையுறை போட்ட அதிகாரி வந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் கெண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நவ்வாஃபுக்கு இதில் ஒரு எழுத்தின்மீதும் நம்பிக்கை கிடையாது. தூதரக டிரைவர் கெண்டியை அம்மானில் பழைய சாமான் சந்தையில் விற்றுத் தின்றிருப்பான், உறை அவனே அச்சடித்தது என்பது அவர் கட்சி. தங்கையிடமும் அதையே சொன்னார். விசித்திரம் என்னவென்றால் ஃபத்தியா அதை நம்பவே விரும்பினாள். ‘ஆமா அண்ணே, வித்துத்தான் இருப்பான்’ என்று சொல்லிவிட்டு அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். தன்னை வேண்டாம் என்ற நாடு தன் கெண்டியை வா என்று சொல்லவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

சலூனில் சிரிப்பு அடங்குகிற நேரம் மிஃப்லிஹின் செல்பேசி அடித்தது. ஹனீன். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. பிள்ளை பிறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பெண் குழந்தை. மார்பில் ஒரு துணியில் கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“பாபா, அருங்காட்சியகத்துல இருக்கேன்” என்றாள். பொடியைக் கேட்டு மூன்று தடவை வந்தாளாம். படிவம் நிரப்பச் சொன்னார்களாம். பொருளின் உரிமையாளரோடு இருக்கும் உறவுக்குச் சான்று கேட்டார்களாம். எங்கம்மா என்றாளாம். அம்மாவை நேரில் அழைத்து வந்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார்களாம். “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இருங்க, காட்டுறேன்.”

கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில், கோணல் மூக்கோடு கெண்டி நின்றது.

நவ்வாஃப் நுரை காய்ந்த முகத்தோடு எழுந்துவந்து செல்பேசியைப் பிடுங்கினார். “அந்த அட்டையைக் கிட்டக் காட்டும்மா” என்றார். பத்திரம் படித்துப் பழகிய கண். ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் படித்து எல்லோருக்கும் சொன்னார். கெண்டி, கரக், எழுபது ஆண்டு. உள்ளே கண்டெடுக்கப்பட்ட சடங்குப் பொடி: சீமைச் சீரகம், சோம்பு, பட்டை, அரிசிமாவு. பயன்பாடு தெரியவில்லை. ஆய்வு தொடர்கிறது. அடியில் அருங்காட்சியகத்தின் முத்திரை.

செல்பேசிக்குள் குழந்தை வீறிட்டது. சீருடை போட்ட ஒருவர் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். ஹனீன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நகர்ந்தாள். படம் ஆடி, தரையைக் காட்டி, அணைந்தது.

சலூன்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நவ்வாஃப் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சவரத்துக்கு முகத்தைக் காட்டவில்லை. துண்டை எடுத்து நுரையைத் தானே துடைத்தார். கண்ணையும் சேர்த்துத் துடைத்தார்.

“அரிசிமாவு கடைசியில போடுறது எங்கம்மா பக்குவம்” என்றார். பிறகு கண்ணாடியில் தெரிந்த மிஃப்லிஹைப் பார்த்துச் சொன்னார்: “ஃபத்தியாகிட்ட நான் இன்னும் நம்பலைன்னே சொல்லு. கேட்டியா? சந்தையில வித்துட்டான்னே சொல்லு. ஆனா நடந்திருக்கு மச்சான். நீ சொன்னது அத்தனையும் நடந்துதான் இருக்கு.”